எஃப்.டி. கேட்டு வருபவரிடம் பாலிசி விற்காதீர்கள்: வங்கிக் கிளை மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கிளை மேலாளர்களுக்கு,

வணக்கம்.

நவம்பரில் பென்ஷன்தாரர்கள் ஆயுள் சான்று கொடுக்க உங்கள் கிளைக்கு வருவார்கள். எஃப்.டி. முதிர்ந்திருந்தால் அந்த ரசீதையும் பாஸ்புக்கோடு சேர்த்து மஞ்சள் பையில் எடுத்து வருவார்கள். அதை அப்படியே மறுபடி போட்டுவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் எண்ணம். அப்போதுதான் ஒரு குரல் வரும்: "அம்மா, எஃப்.டி.யில இப்ப வட்டி கம்மி. புது ஸ்கீம் ஒண்ணு இருக்கு, நம்ம பேங்குதான், பயமே வேண்டாம்." கால் மணி நேரத்தில் ஏழெட்டு இடத்தில் கையெழுத்து. வீட்டுக்குப் போகும்போது அந்த அம்மாவின் பணம் டெபாசிட்டில் இல்லை. பத்து வருடம் பிரீமியம் கட்ட வேண்டிய ஆயுள் காப்பீட்டுப் பாலிசியில் முதல் தவணையாகப் போய்விட்டது.

உங்கள் நெருக்கடி எங்களுக்குத் தெரியாதது அல்ல. டெபாசிட் என்பது வங்கி திருப்பித் தர வேண்டிய கடன்; பாலிசி விற்றால் வருவது கமிஷன். அந்தக் கமிஷனும் முதல் ஆண்டுப் பிரீமியத்தில்தான் கனமாக இருக்கிறது. அதனால்தான் மார்ச் மாதம் மண்டல அலுவலகத்திலிருந்து மணிக்கு ஒரு முறை எண்ணிக்கை கேட்கிறார்கள். ஆனால் அந்த எண்ணிக்கைக்கு விலை கொடுப்பவர் மேலே இருப்பவர் அல்ல, உங்களை நம்பி எதிரே உட்கார்ந்திருப்பவர். ஆகவே உங்களிடமே பேசுகிறோம்.

முதலில் கணக்கு. உங்கள் மேசையில் அடிக்கடி சொல்லப்படுவது போன்ற ஓர் உதாரணம்: வருடம் 1 லட்சம் வீதம் 10 வருடம் கட்ட வேண்டும், 20 வருடம் முடிந்ததும் 21.5 லட்சம் கிடைக்கும். விற்பவர் கால்குலேட்டரை எடுத்து, "10 லட்சம் போட்டீங்க, 11.5 லட்சம் லாபம், பத்து வருஷத்துக்கு வகுத்தா வருஷம் பதினொன்றரை பர்சன்ட்" என்கிறார். இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. பணம் உள்ளே இருப்பது 10 வருடம் அல்ல. முதல் தவணை 20 வருடம் இருக்கிறது, பத்தாவது தவணை 11 வருடம் இருக்கிறது, சராசரி பதினைந்தரை வருடம். அடுத்து, வட்டிக்கு வட்டி என்பதையே இந்த வகுத்தல் விட்டுவிடுகிறது. எத்தனை வருடத்தில் பணம் இரட்டிப்பாகிறதோ அந்த எண்ணால் 72-ஐ வகுத்தால் ஆண்டு வட்டி கிட்டத்தட்ட கிடைத்துவிடும். 72-ஐ 15.5-ஆல் வகுத்தால் 4.6. பணம் இரட்டிப்புக்குச் சற்று மேலே, 2.15 மடங்கு ஆவதால் சுமார் 5% என்று வைத்துக்கொள்ளலாம்.

எக்செல் இருப்பவர் துல்லியமாகவே பார்க்கலாம். ஒரே நெடுவரிசையில் முதல் பத்துக் கட்டங்களில் மைனஸ் 1,00,000, அடுத்த பத்துக் கட்டங்களில் பூஜ்யம், இருபத்தோராவது கட்டத்தில் 21,50,000 என்று போட்டு ஆண்டு வருவாய் விகிதத்தைக் கணக்கிடும் ஐ.ஆர்.ஆர். (IRR) சூத்திரத்தைக் கொடுத்தால் 5% என்றுதான் வரும். இதே தவணைகளை 7% வட்டியில் போட்டிருந்தால் அதே இருபதாம் ஆண்டு முடிவில் 29 லட்சம் ஆகியிருக்கும். ஏழரை லட்சம் வித்தியாசம். பாலிசியின் முதிர்வுத் தொகைக்கு வரி இல்லை, எஃப்.டி. வட்டிக்கு உண்டு என்பீர்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத பென்ஷன்தாரருக்கு அந்தச் சலுகையால் என்ன பயன்?

அந்தச் சலுகையும் எல்லாப் பாலிசிக்கும் இல்லை. இதைப் பல கிளைகளில் சொல்வதே இல்லை. 2012 ஏப்ரலுக்குப் பின் எடுத்த பாலிசிகளில், காப்பீட்டுத் தொகை ஆண்டுப் பிரீமியத்தைப் போல குறைந்தது பத்து மடங்கு இருந்தால்தான் முதிர்வுத் தொகைக்கு வரிவிலக்கு. ஒரே தவணையாக 5 லட்சம் வாங்கிக்கொண்டு 6.25 லட்சத்துக்குக் காப்பீடு தரும் பாலிசி ஒன்றேகால் மடங்குதான். அதில் வரும் லாபத்துக்கு வரி உண்டு. "டாக்ஸ் ஃப்ரீ" என்று சொல்லி அதை விற்றால் அது பொய்.

படிவத்தில் நடப்பதையும் சொல்ல வேண்டும். மாதம் பதினைந்தாயிரம் பென்ஷன் வாங்குபவருக்கு ஆண்டு வருமானம் எட்டு லட்சம், விவசாயம் என்று எழுதப்படுகிறது. அப்படி எழுதாவிட்டால் அவ்வளவு பெரிய பிரீமியத்தை நிறுவனம் ஏற்காது. எழுபது வயதுக்காரர் பெயரில் எடுக்க முடியாவிட்டால் வெளியூரில் இருக்கும் மகன் பெயரில் பாலிசி, பணம் கட்டுபவர் மட்டும் அம்மா. மொபைல் எண் இருக்கும் கட்டத்தில் சில சமயம் வேறு யாருடைய எண்ணோ இருக்கும். பாலிசி இப்போது மின்னணு வடிவில் வருவதால், எண்ணோ மின்னஞ்சலோ தவறினால் அது வந்ததே தெரியாது. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து சரிபார்க்க அழைப்பு வரும்போது பக்கத்தில் நின்று "எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லுங்கம்மா" என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த ஒலிப்பதிவுதான் பின்னால் புகார் கொடுக்கும்போது அவருக்கே எதிராகச் சாட்சி சொல்கிறது. அழைப்பு வரும்போது உங்கள் ஊழியர் எழுந்து தள்ளிப் போக வேண்டும். இந்த ஒன்றைச் செய்தாலே பாதித் தவறு நின்றுவிடும்.

லாக்கர் கேட்பவரிடம் பாலிசி போடச் சொல்லும் விஷயத்துக்கு விளக்கமே தேவையில்லை. மூன்று வருட வாடகைக்கும் பூட்டை உடைத்துத் திறக்கும் செலவுக்கும் ஈடாக ஒரு டெபாசிட் கேட்கலாம், அதற்கு மேல் இல்லை என்று ரிசர்வ் வங்கியின் 2021-ஆம் ஆண்டு லாக்கர் நெறிமுறைகள் சொல்கின்றன. விண்ணப்பித்தவருக்குக் காத்திருப்போர் பட்டியல் எண்ணும் தர வேண்டும். காப்பீடு வாங்குவது முழுக்க வாடிக்கையாளர் விருப்பம், வேறு எந்த வங்கிச் சேவையோடும் அதை இணைக்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதிதான். "பாலிசி போட்டா லாக்கர் உடனே" என்று சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லை.

தவறு நடந்த பிறகு ஆட்கள் உங்களிடம்தான் திரும்பி வருகிறார்கள். பெரும்பாலும் இரண்டாம் வருடப் பிரீமியத்துக்குக் குறுஞ்செய்தி வரும்போதோ, பென்ஷன் கணக்கிலிருந்து பணம் தானாகப் பிடிக்கப்பட்ட பிறகோதான் வருவார்கள். அதற்குள் அவர்களுக்கு இருந்த எளிய வழி அடைபட்டுப்போகிறது. பாலிசி ஆவணம் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், அதுவரையிலான காப்பீட்டுக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைத் தீர்வை போக மீதி முழுவதும் திரும்ப வரும். இதற்கு ஃப்ரீ லுக் என்று பெயர். விண்ணப்பத்தைக் கிளையில் கொடுத்துவிட்டு வாயளவில் "பாத்துக்கறோம்" என்ற பதிலோடு யாரும் திரும்பக் கூடாது. தேதியும் முத்திரையும் போட்ட நகல் வாங்க வேண்டும், நிறுவனத்துக்கு மின்னஞ்சலும் அனுப்ப வேண்டும். "அடுத்த வாரம் வாங்க" என்று உங்கள் கிளையில் நாலு முறை சொன்னால் 30 நாள் ஓடிவிடும். அப்படி நாள் கடத்துவதுதான் எங்களுக்கு எல்லாவற்றையும்விட வேதனை தருகிறது.

அந்தக் கெடு தாண்டிவிட்டால் சரண்டர்தான் வழி, அதாவது பாலிசியை இடையிலேயே முடித்துக்கொண்டு கிடைப்பதை வாங்கிக்கொள்வது. முன்பு ஒரு வருடம் மட்டும் கட்டி நிறுத்தியவருக்குப் பொதுவாக ஒன்றும் கிடைக்காது. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஒரு வருடப் பிரீமியம் முழுதாகக் கட்டி முதல் பாலிசி ஆண்டு முடிந்திருந்தால் ஒரு தொகை உண்டு. ஆனால் கட்டியது முழுதாக வராது. ஏமாற்றி விற்றார்கள் என்றால் முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். அதைக் காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா என்ற புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் காப்பீட்டு ஒம்புட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் குறைதீர்ப்பு அதிகாரி. தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம். 50 லட்சம் வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்வார், கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. இந்த விவரத்தைத் தமிழில் அச்சடித்து உங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

நாங்கள் காப்பீட்டுக்கு எதிரிகள் அல்ல. சம்பாதிக்கும் வயதில், தன்னை நம்பிக் குடும்பம் இருக்கும்போது எடுக்கும் டேர்ம் பாலிசி, அதாவது பாலிசிதாரர் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசி, மிக அவசியமானது. அதை விற்க உங்கள் மேசையில் ஆர்வம் குறைவு என்பதுதான் வருத்தம். அறுபது தாண்டியவருக்குக் கூடுதல் வட்டி வேண்டுமென்றால் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 30 லட்சம் வரை போடலாம், ஐந்து வருடம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி கணக்கில் வந்துவிடும். 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2% ஆக உயர்த்தப்பட்டது. தபால் நிலையத்துக்குப் போக வேண்டியதுகூட இல்லை, பல வங்கிக் கிளைகளிலேயே திறக்கலாம். அந்தப் படிவத்தை எடுத்து நீட்ட ஏன் தயங்குகிறீர்கள்?

கேட்பது ஒரு துண்டுச் சீட்டுதான். பாலிசி விண்ணப்பத்தில் முதல் கையெழுத்துக்கு முன்னால், பெரிய எழுத்தில், தமிழில் இப்படி இருக்கட்டும்: "இது எஃப்.டி. அல்ல, ஆயுள் காப்பீடு. வருடம் ___ ரூபாய் வீதம் ___ வருடம் கட்ட வேண்டும். ___ வருடம் கழித்துத்தான் முழுத் தொகை கிடைக்கும். கணக்கிட்ட ஆண்டு வட்டி ___%. பாலிசி வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம்." கோடிட்ட இடங்களை உங்கள் ஊழியர் தன் கையால் நிரப்பி, பெயரும் கையெழுத்தும் போட்டு, ஒரு பிரதியை அந்த அம்மாவின் மஞ்சள் பையில் வைத்து அனுப்ப வேண்டும். வீட்டில் மகளோ பேரனோ அதைப் படித்துப் பார்க்கட்டும். அதன் பிறகும் அவர் வேண்டும் என்று சொன்னால் மறுநாள் வந்து கையெழுத்துப் போடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கிளைகளின் டெபாசிட்தாரர்கள் சார்பில்