செட்டிநாட்டு வீடுகளைப் பெயர்த்து விற்பதை யார் தடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விடுமுறை வந்தால் செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தான் தெருக்களில் வேனும் காரும் வரிசைகட்டி நிற்கின்றன. வரட்டும், நல்லதுதான். பழைய வீடுகள் சில விடுதிகளானதால்தான் அவற்றில் ஓடு மாற்றவும் சுண்ணாம்பு பூசவும் ஆள் வைக்கிறார்கள், சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பெண்களுக்கும் வேலை கிடைக்கிறது. ஆனால் இதே வட்டாரத்தில் நடக்கும் இன்னொரு வியாபாரத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

முழு வீட்டையே பெயர்த்து விற்கிறார்கள். முதலில் நிலைக்கதவு போகும், அப்புறம் முகப்புத் தூண்கள், உத்திரம், சன்னல், தரைக்கல். சாக்பீஸில் நம்பர் போட்டுத் தூண்களை லாரியில் ஏற்றுவதை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். இப்போது அங்கே கருவேலம் முளைத்த மனைதான் இருக்கிறது. அந்தத் தூண்கள் எங்கோ ஒரு கடற்கரை விடுதியில் செட்டிநாட்டுப் பாணி என்று நிற்கும், அதைப் படம் பிடிப்பவர்களுக்கு இந்த ஊர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

விற்பவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? ஒரு வீட்டுக்கு எத்தனையோ புள்ளிகள், அதாவது பங்குள்ள குடும்பங்கள், ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். மழைக்கு முன் ஓடு மாற்றும் செலவை யார் ஏற்பது என்று பேசி முடிப்பதற்குள் பட்டாலை என்னும் கூடம் ஒழுக ஆரம்பித்துவிடும், ஒருமுறை தண்ணீர் இறங்கிவிட்டால் மரம் தாங்காது. நகரத்தார் செட்டியார்கள் பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கும் வியாபாரத்துக்கும், போய்ச் சம்பாதித்து, பர்மா தேக்கும் இத்தாலி சலவைக்கல்லும் இறக்கிக் கட்டிய வீடுகள் இவை. 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் வருமானமும் போயிற்று, பிழைப்பைத் தேடிக் குடும்பங்கள் வெளியூர் போய்விட்டன. உலகத்தோடு கொடுக்கல் வாங்கல் செய்தே வளர்ந்த ஊர்கள் என்பதால் வெளியார் வருவது எங்களுக்குப் புதிதில்லை.

இந்த வீடுகளின் தரையில் பதிக்கும் பூவேலைக் கல்லான ஆத்தங்குடிக்கல் செய்பவர்களின் நிலையும் கவலையாக இருக்கிறது. கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கரண்டியால் கலவைச் சாயத்தை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, உலர்த்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். அவ்வளவும் கைவேலை. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் வீடியோ எடுக்கிறார்கள், வாங்குகிறவர்கள் குறைவு, பக்கத்திலேயே புதிதாகக் கட்டும் விடுதியில் அதே பூ டிசைனில் மெஷின் டைல்ஸ் இறங்குகிறது.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-இலேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. தமிழ்நாட்டில் மரபுக் கட்டடங்களைக் காப்பதற்கான மரபுரிமை ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்ட நிர்வாகங்கள் ஊர் ஊராக வீடுகளைக் கணக்கெடுக்க வேண்டும், இடிப்பதற்கு முன் அனுமதி கட்டாயம் என்று ஆக்க வேண்டும். பங்காளிகள் சேர்ந்து கேட்டால் ஓடு மாற்றக் குறைந்த வட்டியில் கடன் தர வேண்டும். இங்கே விடுதி கட்டுகிறவர்கள் தரைக்கு ஆத்தங்குடிக்கல்லையே வாங்கட்டும். அடுத்த மழைக்காலத்துக்குள் கணக்கெடுப்பையாவது தொடங்குங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டார வாசகர்