சுவரை இடிக்கும் முன்பு

சிவமயம்

பர்மிங்ஹாம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். ஆத்தாவுக்குக் கால்வலி தேவலையா? உங்கள் கடிதம் கிடைத்தது. மீனாள் கல்யாணத்துக்குள் பெரிய வீட்டில் நம் புள்ளிக்கு, அதாவது நம் குடும்பப் பங்குக்கு, உரிய உள்வீடு, வெளிவீடு என்ற இரண்டு அறைகளையும் ஒன்றாக்க நடுச்சுவரை எடுக்கப் போவதாகவும், கொத்தனார் தட்டிப் பார்த்து "சும்மா தடுப்புத்தான்" என்றதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தட்டுகிற சத்தத்தை நம்பாதீர்கள். இங்கே மரச்சட்டத்தில் பலகை அடித்த தடுப்புகள் உண்டு, அதற்குச் சரி. நம் வீடு முழுக்கச் செங்கலும் சுண்ணாம்பும். சத்தம் மாறினால் பூச்சு விட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அண்ணாந்து பாருங்கள். நம் வீட்டுக் கூரை மெட்ராஸ் டெரஸ், கட்டைகள்மேல் செங்கலும் காரையும் போட்ட தளம்; அதில் கட்டைகள் கண்ணுக்குத் தெரிவது பெரிய சௌகரியம். தேக்குக் கட்டைகள் குறுக்காக வந்து அந்தச் சுவரில் முடிந்தால், இரண்டு அறைத் தளத்திலும் பாதிப் பாதியை அதுதான் சுமக்கிறது. செங்கல், காரை, தட்டை ஓடு எல்லாம் சேர்ந்து முக்கால் அடி கனம் என்றால் சதுர அடிக்கு ஏறக்குறைய 40 கிலோ. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு நாலே முக்கால் டன்! கட்டைகள் சுவருக்கு இணையாக ஓடினாலும் விட்டுவிடாதீர்கள். உத்திரத்தின் நுனி அதில் உட்கார்ந்திருக்கிறதா, மாடியில் நேர் மேலே சுவர் எழும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, மூலையில் ஒரு சாண் பூச்சைக் கொத்தச் சொல்லுங்கள். செங்கல் நெடுஞ்சுவரோடு பல் கோத்திருந்தால் வீட்டோடு எழுந்த சுவர். பாரமே இல்லாவிட்டாலும் நெடுஞ்சுவர் சாயாமல் அண்டக் கொடுப்பது அதுதான். நேர்கோடாகப் பிரிந்தால் பிற்பாடு வைத்தது. உடனே கடப்பாரையைத் தூக்கிவிட வேண்டாம், கட்டைகள் நாளடைவில் தொய்ந்து அதன்மேலேயே உட்கார்ந்திருக்கலாம். உச்சியில் பூச்சைச் சுரண்டிவிட்டு, கட்டைக்கும் சுவருக்கும் நடுவே ரம்பத் தகட்டை விட்டுப் பாருங்கள். போகாவிட்டால் பாரம் ஏறிவிட்டது.

என் பக்கத்து வீட்டுக்காரர் கீழே கணப்படுப்புச் சுவரை உடைத்துச் சோபா போட்டிருக்கிறார். மேலே புகைபோக்கிச் செங்கல் மொத்தமும் அப்படியே தொங்க, அதனடியில் உட்கார்ந்து கால்பந்து பார்க்கிறார். எங்கள் இருவருக்கும் பொதுச்சுவர். அவர் தும்மினால்கூட எனக்குக் கேட்கும். கேட்கட்டும், வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது.

சுமக்கிற சுவர் என்று தெரிந்தால் முழுதையும் எடுக்காதீர்கள். ஐந்தடி வழி போதும். காரைக்குடியில் கட்டட இன்ஜினியர் ஒருவரை நேரில் பார்க்க வைத்து, இரும்பு பீம் எந்த அளவு என்று எழுதி வாங்குங்கள். உடைக்கும் முன்பே சுவரின் இரு பக்கமும் முட்டு நிற்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் மறுபக்கத்துக் கட்டை இறங்கிவிடும். முட்டுக்கு அடியில் கனத்த பலகை போடாவிட்டால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் பிளக்கும். முட்டின் ஆப்பை இறுக்கினால் போதும், தளத்தைத் தூக்கப் பார்த்தால் மேலே விரிசல் விட்டு மழைக்கு ஒழுகும். பீம் இரு முனையிலும் ஆறு அங்குலத்துக்குக் குறையாமல் கருங்கல்மேல் உட்காரட்டும். பூச்சுக்குச் சுண்ணாம்புதான், சிமெண்ட் வேண்டவே வேண்டாம்.

குளிருக்குக் குறைவில்லை. ஆத்தா கொடுத்த வத்தல் இன்னும் இருக்கிறது, எண்ணித்தான் பொரிக்கிறேன். வளவு முற்றத்து வெயிலில் பாய் விரித்துக் காயப்போடுவார்களே, அந்த வாசனை பொட்டலத்தைப் பிரித்ததும் வந்துவிடுகிறது. அன்றைக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

பணம் இந்த மாதம் பாதி வரும், மீதி பங்குனிக்குள். வேலை நன்றாகத்தான் போகிறது, ஆத்தாவிடம் அப்படியே சொல்லுங்கள்.

ஒன்று முக்கியம். அந்தச் சுவரின் மறுமுனை சித்தப்பா புள்ளிச் சுவரில் முட்டுகிறது. பங்காளிகளுக்குத் தெரியாமல் ஒரு செங்கல்லும் அசையக் கூடாது. போனில் சொன்னால் சித்தப்பா கோபித்துக்கொள்வார். நீங்களே மதுரைக்குப் போய்ச் சொல்லுங்கள், பெரிய ஆச்சியையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது. தேவகோட்டைச் சம்பந்திகளுக்கு மாடி அறையைக் கொடுத்துவிட்டால் இந்த வேலையைக் கல்யாணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முடிவு உங்களுடையது. எதற்கும் கட்டைகளைக் கீழிருந்து படம் எடுத்து அனுப்ப மீனாளிடம் சொல்லுங்கள், அளவு நாடாவும் படத்தில் தெரியட்டும்.

உங்கள் தம்பி