280 பக்கத்துக்கு ஒரு ரசீது

அனுப்புநர்: ஒரு ஜாப் டைப்பிஸ்ட், தண்டையார்பேட்டை, சென்னை.
பெறுநர்: தமிழ்ப் பதிப்பாளர்கள் அனைவரும்.
பொருள்: துப்பறியும் நாவல் ஒன்றைப் படித்துப் பார்த்துப் பதில் சொல்லக் கோருதல் தொடர்பாக.

ஐயா, அம்மா, வணக்கம்.

பாரிமுனையில் கோர்ட் வாசல் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையின் பாதியை வாடகைக்குப் பிடித்து 22 வருஷமாக அடுத்தவர்களுக்கு மனு அடித்துக் கொடுக்கிறேன். பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, கொடுத்த கடன் திரும்பவில்லை, மாடிவீட்டுக்காரர் தண்ணீர் விடுவதில்லை, புருஷன் குடிக்கிறான். எல்லாவற்றுக்கும் ‘மேற்படி’ போட்டு, ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடித்துப் பழகிய கை இது. எனக்காக நானே அடிக்கும் முதல் மனு இதுதான். வழக்கமாகப் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குவேன். இதற்கு யாரிடம் வாங்குவது என்று தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு துப்பறியும் நாவல் எழுதியிருக்கிறேன். 280 பக்கம். மூன்று வருஷம் எழுதினேன். இரண்டு வருஷமாக அதைத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசல்களில் ஏறி இறங்குகிறேன்.

காணாமல் போனவர்களைப் பற்றிய மனு மற்ற மனுக்கள் மாதிரி இல்லை. அதை அடிக்க வருகிறவர்கள் ஸ்டூல் போட்டாலும் உட்கார மாட்டார்கள். கட்டியிருந்த லுங்கியின் நிறம், போட்டிருந்த செருப்பு, இடது புருவத்துத் தழும்பு என்று மடமடவென்று சொல்லிக்கொண்டே வருவார்கள். ‘எப்பக் கடைசியாப் பாத்தீங்க?’ என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். அந்தக் கேள்வியில்தான் என் நாவல் ஆரம்பிக்கிறது.

கதை நடக்கும் காலத்தை நான் தேடிப் போகவில்லை. கடையில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாமல் போயிற்று. டிசம்பர் 5 முதலமைச்சர் இறந்தார். ஒரு வாரம் கழித்து, 12ஆம் தேதி, வர்தா புயல். ஜனவரி 17 முதல் 23 வரை மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். அது முடிந்த ஐந்தாம் நாள், 28ஆம் தேதி, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதிக் கடலெல்லாம் எண்ணெய். கரையில் ஆட்கள் அதைப் பக்கெட்டில் மொண்டு ஊற்றினார்கள். எண்ணிப் பார்த்தால் மொத்தம் 81 நாள். பேங்க் வாசலில் போலீஸ், கடற்கரையில் போலீஸ், மரம் விழுந்த ரோட்டில் போலீஸ். எங்கே பார்த்தாலும் பந்தோபஸ்து. அந்த 81 நாளில் ஒருவன் காணாமல் போனால் அவனைத் தேட யார் மிச்சம் இருப்பார்கள்? கொலை செய்ய நினைக்கிறவனுக்கு இதைவிட நல்ல முகூர்த்தம் கிடைக்காது.

என் கதாநாயகியும் டைப்பிஸ்ட்தான். துப்பாக்கி கிடையாது, சர்க்கரை வியாதி உண்டு. ஒருவரையொருவர் அறியாத இரண்டு பெண்கள், மூன்று வார இடைவெளியில், வீட்டு ஆளைக் காணவில்லை என்று கையால் எழுதிய தாளோடு அவளிடம் வருகிறார்கள். இரண்டு தாளிலும் ‘கடைசியாக’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘இறுதித்தடவையாக’ என்று இருக்கிறது. தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அப்படியென்றால் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தது யார்? இதற்கு மேல் சொன்னால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். (சொல்லாதபோதும் படிக்கவில்லை, அது வேறு விஷயம்.)

எழுதியது பெரும்பாலும் கடையில் ஆள் வராத மத்தியானங்களில். லீவு நாட்களில் எழும்பூர் கன்னிமாரா நூலகம். நீங்கள் போடும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி அங்கே வரவேண்டும் என்று 1954லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள், உங்களுக்குத் தெரியாததா. அந்த வகையில் உங்கள் காசில் படித்தவள் நான். உயிரோடு தண்ணீரில் மூழ்கியவரின் எலும்பு மஜ்ஜை வரைக்கும் டயாட்டம் என்கிற கண்ணுக்குத் தெரியாத பாசி போய்ச் சேரும், செத்த பிறகு தூக்கிப் போட்டிருந்தால் அவ்வளவு தூரம் போகாது என்பதை அங்கே ஒரு தடயவியல் புத்தகத்தில்தான் படித்தேன். கடலில் இருக்கும் பாசி வேறு, கொருக்குப்பேட்டைப் பக்கம் ஓடும் பக்கிங்காம் கால்வாயில் இருப்பது வேறு. இந்த ஒரு தகவலுக்காக எனக்கு ஒரு முழு அத்தியாயம் கிடைத்தது.

ஆனால் என் உண்மையான எடிட்டர் காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிற ஓர் அக்கா. பெட்டிக்கடையில் மாத நாவல்கள் கிளிப் மாட்டித் தொங்கிய காலத்திலிருந்து துப்பறியும் கதை படிக்கிறவர். முதல் பிரதியைக் கொடுத்த மூன்றாம் நாள் காலை ஐந்தரைக்குப் போன். ‘இன்னாம்மே, இவந்தானே?’ 96ஆம் பக்கத்திலேயே பிடித்துவிட்டார். அதோடு விடவில்லை. எண்ணூரில் கடலில் போட்ட பிணத்தை நான் வடக்கே பழவேற்காட்டில் ஒதுங்க வைத்திருந்தேன். ‘தை மாசம் வாடை அடிக்கும்மே. தண்ணி தெக்கால இஸ்துகினு வரும். எண்ணூருல போட்ட பொணம் எங்களாண்ட வரும், பழவேற்காட்டுக்கு எப்டிப் போவும்?’ என்றார். அந்த ஜனவரியில் கொட்டிய எண்ணெயும் தெற்கே மெரினாவைத் தாண்டித்தான் போயிற்று. தினமும் பேப்பரில் படித்தேன், எனக்கு உறைக்கவில்லை. ஐந்து அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டு எட்டு மாதம் திரும்ப எழுதினேன்.

சரி, உங்கள் கதைக்கு வருகிறேன்.

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சிக்கு மஞ்சப்பையில் பிரதியோடு போனேன். பொங்கல் கூட்டம். ஸ்டாலில் இருந்த தம்பிகள் மரியாதையாகத்தான் பேசினார்கள், மெயில் முகவரி எழுதிக் கொடுத்தார்கள். ஏழு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். பழைய ஃபான்டில் கேட்டவருக்குப் பழைய ஃபான்டில், யூனிகோடில் கேட்டவருக்கு யூனிகோடில். நாலு இடத்திலிருந்து பதினோரு மாதமாகப் பதிலே இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்தால்கூட சி.எஸ்.ஆர். என்று ஒரு ரசீது போட்டுத் தருகிறார்கள். சைக்கிள் தொலைந்த மனுவுக்கும் நம்பர் உண்டு. என் 280 பக்கத்துக்கு ‘வந்து சேர்ந்தது’ என்று ஒரு வரி இல்லை.

ஐந்தாமவர் ஏற்றுக்கொண்டார். சந்தோஷப்பட்டு அக்காவுக்கு ஸ்வீட் எல்லாம் வாங்கிக் கொடுத்த பிறகு ஒரு பட்டியல் வந்தது. அட்டைக்கு இவ்வளவு, லே-அவுட்டுக்கு இவ்வளவு, 100 பிரதியை நானே வாங்கிக்கொள்ள வேண்டும், ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக அடையாள எண்ணுக்குத் தனியாக 3 ஆயிரம். அந்த எண்ணை நம் நாட்டில் மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகத் தருகிறது. ஒப்பந்தத் தாளில் உரிமை எத்தனை வருஷத்துக்கு என்ற இடத்தில் வெறும் கோடு. கேட்டதற்கு, ‘அதெல்லாம் ஃபார்மாலிட்டி மேடம்’ என்றார். கோர்ட் வாசலில் உட்கார்ந்திருப்பவளிடம் சொல்கிற பதிலா அது? 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், 19ஆம் பிரிவு, காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றுதான் எடுத்துக்கொள்ளும் என்றேன். அப்புறம் அவர் போன் எடுப்பதில்லை.

என்னை இந்த மனு அடிக்க வைத்தது அவரல்ல, மிச்சம் இரண்டு பேர். அவர்கள் படித்தார்கள். அதற்காக இன்றைக்கும் நன்றியோடுதான் இருக்கிறேன்.

ஒருவர் கேட்டார், ‘வடசென்னைன்னு சொன்னீங்க, ஒரு கேங் வார்கூட இல்லையே?’ அட்டையில் பட்டாக்கத்தி போட்டால் நிற்கும் என்றார். என் நாவலில் கத்தியே கிடையாது. கொலை ஒரு ஐஸ் பிளான்ட்டில் நடக்கிறது, சத்தமில்லாமல். வட்டார வழக்கு போதவில்லை, கெட்ட வார்த்தை நாலு சேர்க்கலாம் என்றும் சொன்னார். எங்கள் ஆட்கள் ஏலத்தில் பேசும் தமிழ் ஒன்று, ஆபீஸருக்கு எழுதும் தமிழ் வேறொன்று. கையெழுத்தே தடுமாறும் ஒரு கிழவி ‘தங்கள் மேலான சமூகத்திற்கு’ என்று ஆரம்பிப்பதை வாரத்துக்கு நாலு தடவை கேட்கிறேன். என் கதையின் துப்பே அந்த இரண்டு தமிழுக்கும் நடுவில் கிடக்கிறது. கெட்ட வார்த்தை சேர்த்தால் துப்பு செத்துவிடும்.

இன்னொருவர் நல்லவர். ஒன்றரை மணி நேரம் பேசினார். இதெல்லாம் உங்கள் சொந்த அனுபவமா, நேரில் பார்த்த கொலையா என்று கேட்டார். இல்லை, யோசித்து எழுதியது என்றேன். கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தது. துப்பறிகிற பகுதியை எடுத்துவிட்டு, ‘ஒரு வடசென்னைப் பெண்ணின் வாழ்க்கை’ என்று தன்வரலாறாக மாற்றித் தந்தால் உடனே போடுகிறேன் என்றார். மயிலாப்பூரில் கொலை விழுந்தால் மர்மம், எங்கள் தெருவில் விழுந்தால் வாழ்வியல். இது எப்படி என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை, உங்கள் எல்லாரிடமும் கேட்கிறேன். ராயபுரத்தில் 1856லேயே ரயில் ஓடியது. தென்னிந்தியாவுக்கே முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் போயிற்று. அந்த ஸ்டேஷனைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, ரயிலில் ஒரு கொலையைக் கற்பனை பண்ணும் யோக்கியதைகூட இருக்காதா? நான் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. புதிர் போட்டிருக்கிறேன். புதிர் நன்றாக இல்லை என்று சொல்லுங்கள், 140ஆம் பக்கத்தில் தொய்கிறது என்று சொல்லுங்கள் (தொய்கிறதுதான், தெரியும்), கேட்டுக்கொள்கிறேன்.

அவர் அலுவலகத்துப் பையன் ஒரு திருத்தம் போட்டிருந்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். சட்டப் பிரிவு 302 எல்லாம் பழசு, இப்போது கொலைக்கு 103 என்று பிரதி முழுக்கச் சிவப்பில் மாற்றியிருந்தான். புதுச் சட்டம் வந்தது 2024 ஜூலை 1. என் கொலை நடந்தது 2017 ஜனவரி. 302தான், தம்பி. ஆனாலும் ஒருத்தன் பக்கம் பக்கமாகப் படித்துப் பேனா வைத்திருக்கிறானே என்று அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. 1000 பிரதி அடித்தது போய் 100, 200 என்று அடித்துப் பார்க்கிறீர்கள். நூலக ஆர்டரை நம்பி உட்கார்ந்திருக்கிறீர்கள். பேப்பர் விலை ஏறிக்கொண்டே போகிறது. அறிமுகமில்லாத ஒருத்தியின் 280 பக்கம் உங்களில் ஒருவருக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. அதனால் புத்தகமாகப் போடுங்கள் என்று இந்த மனுவில் கேட்கவில்லை. வந்து சேர்ந்தால் சேர்ந்தது என்று ஒரு வரி. மூன்று மாதமோ ஆறு மாதமோ, ஒரு கெடு. வேண்டாம் என்றால் வேண்டாம். படிக்கிறபோது என் பின்கோடை மறைத்து வைத்துக்கொண்டு, யார் கொலையாளி என்று மட்டும் தேடிப் படியுங்கள். மேற்படி விஷயத்தில் ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா இப்போது நாலாவது பிரதியில் 210ஆம் பக்கத்தில் இருக்கிறார். அவருடைய சந்தேகமெல்லாம் டைப்பிஸ்ட் மேல்தான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஜாப் டைப்பிஸ்ட், தண்டையார்பேட்டை.

இணைப்பு: நாவலின் முதல் மூன்று அத்தியாயம், 41 பக்கம். கொலையாளியின் பெயர் இணைக்கப்படவில்லை.