சரவணனுக்கு: ஏர் ஃபில்டரும் மைலேஜும்

கண்ணு சரவணா,

படம் பார்த்தேன். ஏர் ஃபில்டர் பாக்ஸ் இருந்த இடத்தில் சிவப்புக் கோன் ஃபில்டர், பளபளவென்று அலுமினியக் குழாய். நீயே மாட்டினாய் என்று கார்த்தி சொன்னான். கிளாம்ப் நேராக உட்கார்ந்திருக்கிறது, சென்சார் ஒயர் இழுபடவில்லை, குழாய் பேட்டரி ஸ்டாண்டில் உரசாமல் ரப்பர் வைத்திருக்கிறாய். வேலை சுத்தம். எங்கள் பாலிடெக்னிக்கில் மூன்றாம் வருஷப் பையன்கள்கூட இவ்வளவு கவனமாகச் செய்வதில்லை. "மைலேஜ் ரெண்டு கிலோமீட்டர் ஏறிருச்சும்மா" என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. வேலை இருக்கும். அதனால் இந்தக் கடிதம், அந்த ரெண்டு கிலோமீட்டரைப் பற்றி.

அது ஏறியிருக்காது கண்ணு. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

பெட்ரோல் வண்டியில் காற்றைத் தடுப்பது ஃபில்டர் இல்லை, ஆக்ஸிலரேட்டர் மிதிக்கத் திறக்கும் த்ராட்டில் தகடு. 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது அந்தத் தகடு பெரும்பகுதி மூடித்தான் இருக்கும். வெளியே காற்றழுத்தம் 100 கிலோபாஸ்கல் என்றால் த்ராட்டிலுக்குப் பின்னால் மேனிஃபோல்டில் பாதி அளவுதான் நிற்கும். சுத்தமான பேப்பர் ஃபில்டரில் அந்த வேகத்தில் விழும் அழுத்தம் ஒரு கிலோபாஸ்கல்கூட வராது. அந்த ஒன்றையும் நீ இல்லாமல் செய்துவிட்டாய் என்றே வைத்துக்கொள். வண்டிக்கு வேண்டிய சக்தி அதேதான், அதற்கு வேண்டிய காற்றும் அதேதான். ஆகவே த்ராட்டில் ஒரு மயிரிழை கூடுதலாக மூடிக்கொள்ளும். ஃபில்டரில் குறைத்த தடையை உன் கால் த்ராட்டிலில் திருப்பி வைத்துவிடும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது மட்டும்தான் ஃபில்டரின் தடை கணக்கில் வரும். அப்போது கிடைப்பதும் சக்திதான், மைலேஜ் இல்லை. எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ, உள்ளே வரும் காற்றை அளந்து, ஒரு பங்கு பெட்ரோலுக்குப் 14.7 பங்கு காற்று என்று எடைக்கு எடை கொடுக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடும்.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் 2009-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து வண்டிகளை ஓட்டினார்கள். இன்ஜெக்ஷன் வண்டிகளில் மைலேஜ் குறிப்பிடும்படி இறங்கவில்லை, பிக்கப் மட்டும் இறங்கியது. அடைத்த ஃபில்டராலேயே இறங்காதது, திறந்த ஃபில்டரால் எப்படி ஏறும்?

அப்பாவின் பத்மினியில் ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் ஏறியதே என்பாய். அது கார்புரேட்டர். ஃபில்டர் அடைத்தால் கார்புரேட்டர் வாயில் உறிஞ்சல் கூடும், ஜெட் வழியாகப் பெட்ரோல் அதிகமாக வரும், புகைக்கும். அதைச் சரிசெய்ய அங்கே அளக்கிற சென்சார் இல்லை. அந்தக் காலத்து வேலை தெரிந்தவர்கள் இன்றும் ஃபில்டரையும் மைலேஜையும் சேர்த்தே பேசுவது அதனால்தான். அவர்கள் சொன்னது அந்த வண்டிக்குச் சரி. மாமாவின் லாரி வேறு கதை. டீசலில் த்ராட்டில் தடை இல்லை, டர்போ இருக்கிறது, ஃபில்டர் அடைத்தால் கரும்புகை வரும். அதற்குத்தான் ஃபில்டர் அடைப்பைக் காட்டும் ரெஸ்ட்ரிக்ஷன் இண்டிகேட்டர் வைத்திருக்கிறார்கள். சிவப்பு வந்தால் மாற்றினால் போதும்.

அப்படியானால் உன் போனில் தெரியும் ரெண்டு கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது? இதுதான் முக்கியம்.

நீ வைத்திருப்பது ஈசியூவின் எண்களைப் படிக்க ஓபிடி போர்ட்டில் செருகுகிற ப்ளூடூத் கருவி. அந்த மாதிரி ஆப் பலவும் பெட்ரோலை அளப்பதே இல்லை. உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் சொல்லும் எடையை 14.7-ஆல் வகுத்து, இவ்வளவு பெட்ரோல் போயிருக்கும் என்று கணக்குப் போடும். மாஃப் சென்சாருக்குள் சூடான மெல்லிய கம்பி இருக்கிறது. காற்று எவ்வளவு வேகமாகக் குளிர்விக்கிறது என்பதை வைத்து அளக்கும். பழைய குழாயின் உள்விட்டத்துக்கு ஏற்பத்தான் அந்த அளவு ஈசியூவில் எழுதப்பட்டிருக்கிறது. பழையது 60 மில்லிமீட்டர், நீ மாட்டியது 63 என்றால் பரப்பு பத்து சதவீதம் கூடிவிட்டது. அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் ஏறக்குறைய பத்து சதவீதம் குறைவாகச் சொல்லும். ஆப்பும் பெட்ரோல் பத்து சதவீதம் குறைந்தது என்று காட்டும். 16 கிலோமீட்டர் 17.8 ஆகிவிடும். இதோ உன் ரெண்டு கிலோமீட்டர். மூன்று மில்லிமீட்டர் குழாய் செய்த வேலை.

எஞ்சின் ஏமாறாது. புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் பெட்ரோல் குறைகிறது என்று சொல்ல, ஈசியூ அதை ஈடுகட்டிவிடும். அந்த ஈடுதான் ஃபியூல் ட்ரிம். ஆப்பிலேயே லாங் டெர்ம் ஃபியூல் ட்ரிம் என்று இருக்கும், அதைப் பார். பிளஸ் மைனஸ் 5 சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. 10 தாண்டினால் ஏதோ இருக்கிறது. ஐடிலில் ட்ரிம் ஏறி, 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால் மாஃபுக்குப் பின்னால் எங்கோ காற்று கசிகிறது. ப்ரீதர் ஹோஸ் மாட்டிய இடத்தையும் ரப்பர் ஜாயிண்டையும் முதலில் பார். லோடு கூடக் கூட ட்ரிம்மும் கூடினால் மாஃப் குறைவாக அளக்கிறது. இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20, எத்தனாலுக்கும் ட்ரிம் ஏறும். ஆகவே ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டாதே. ஒரே பெட்ரோலில் பழைய பாக்ஸோடு ஒரு முறை, இதோடு ஒரு முறை எழுதிவைத்து ஒப்பிடு. காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும் பி0171 கோடு வந்தால் அழிக்க மட்டும் செய்யாதே, காரணத்தைத் தேடு.

இந்தச் சிவப்பு ஃபில்டர் எண்ணெய் போட்ட பருத்தி. கழுவினால் முழுக்க நிழலில் காய வேண்டும், பிறகு மடிப்புக்கு மடிப்பு மெல்லிய கோடாக எண்ணெய். கூடிப்போனால் அந்த எண்ணெய் மாஃப் கம்பியில் படியும், மேலே தூசி ஒட்டும், சென்சார் இன்னும் குறைவாகச் சொல்லும். மாஃப் க்ளீனர் ஸ்ப்ரே தவிர வேறு எதையும் அதன்மேல் அடிக்காதே. பிரேக் க்ளீனர், கார்புரேட்டர் க்ளீனர் இரண்டும் அதைக் கெடுக்கும். துணியால் தொடாதே. மாதம் ஒரு முறை ஃபில்டரைக் கழற்றி, குழாயின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடை. துணியில் மண் நிறம் வந்தால் தூசி உள்ளே போகிறது என்று அர்த்தம். ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேயும், ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். ஓசூரில் நீ போகும் அந்தப் பெரிய ஷெட் சாலையில் கிரஷர் தூசி எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

கோன் இப்போது பானெட்டுக்குள் திறந்து கிடக்கிறது, ரேடியேட்டர் சூட்டைத்தான் உறிஞ்சும். லேசான லோடில் சூடான காற்றால் மைலேஜ் கெடாது, த்ராட்டில் சற்றே அதிகம் திறக்கும் அவ்வளவுதான். ஏற்றத்தில் மிதிக்கும்போது கெடும். பத்து டிகிரி சூட்டுக்குக் காற்றின் அடர்த்தி மூன்று சதவீதம் குறையும், நாக்கிங் வராமலிருக்க ஈசியூ இக்னிஷனைத் தாமதப்படுத்தும், அதே பெட்ரோலுக்கு இழுவை குறையும். ஆப்பில் இன்டேக் டெம்பரேச்சர் பார். ஓடும்போது வெளிக்காற்றைவிடப் பதினைந்து டிகிரிக்கு மேல் நின்றால் ஃபில்டரைச் சுற்றித் தகரத்தடுப்பு வேண்டும். அதற்காகக் குழாயைப் பம்பருக்குள் இறக்கப்போகிறேன் என்றாயாம். இறக்காதே. கம்பெனிக்காரன் காற்று உறிஞ்சும் வாயை மேலே வைத்தது காரணத்தோடுதான். சாலையில் நிற்கும் தண்ணீரை ஒரு மடக்கு உறிஞ்சினால் போதும், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சாதாரண இன்ஷூரன்ஸில் அதற்குப் பணம் வராது, எஞ்சின் புரொடெக்ஷன் தனியாக எடுத்திருக்க வேண்டும். இறக்காதே.

சத்தம் நன்றாக இருக்கிறது என்று கார்த்தி சொன்னான். பழைய பாக்ஸோடு இருந்த, சத்தத்தை அடக்கும் ரெசனேட்டரை எடுத்துவிட்டால் உறிஞ்சும் சத்தம் கேட்கத்தான் செய்யும். கேட்டால் கால் இன்னும் கொஞ்சம் மிதிக்கும். இந்த மாதிரி ஃபில்டர் போட்டவர்களுக்குப் பங்கில் பில் கூடுவது பெரும்பாலும் இதனால்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-ல் இருப்பதைப் போல 120-ல் இரண்டே கால் மடங்கு. அதை வெல்ல வேண்டிய சக்தி 3.4 மடங்கு. எந்த ஃபில்டராலும் அதை ஈடுகட்ட முடியாது. மைலேஜ் வேண்டுமென்றால் 80-லிருந்து 90-க்குள் வா. டயரில் காற்று, கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு, வண்டி குளிர்ந்திருக்கும்போது பிடி. உண்மையாகவே ஏறும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி வேலை முடிந்து கிளம்பாதே என்று எத்தனை முறை சொல்வது. சனிக்கிழமை விடிந்து கிளம்பினாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம்.

தொப்பூர் இறக்கம் பற்றி நான் எழுதப்போவதில்லை. சித்தி வீட்டில் அந்தப் பேரைச் சொல்ல மாட்டோம், உனக்கே தெரியும். ஆனால் ஒன்றை மட்டும் எழுதியாக வேண்டும், அது எஞ்சின் விஷயம் என்பதால்.

தர்மபுரி தாண்டிச் சேலம் நோக்கி இறங்கும்போது நியூட்ரல் போடாதே. கியரில் விட்டுக் காலை எடுத்தால், ஆர்பிஎம் ஐடிலுக்கு மேல் இருக்கும் வரை ஈசியூ இன்ஜெக்டரை மூடிவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது, பெட்ரோல் ஒரு சொட்டுப் போகாது. நியூட்ரலில் எஞ்சின் அணையாமலிருக்க ஐடிலுக்குப் பெட்ரோல் போயாக வேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரல் போடுகிறவன் செலவுதான் செய்கிறான். ஆனால் உன் ஆப் இதைத் தலைகீழாகக் காட்டும். கியரில் இறங்கும்போதும் எஞ்சின் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். இன்ஜெக்டர் மூடியது தெரியாத ஆப் அந்தக் காற்றையும் பெட்ரோல் என்று கணக்கில் எழுதும். நியூட்ரலில் ஆர்பிஎம் விழுந்து காற்று குறைவதால் மைலேஜ் எகிறியதுபோலக் காட்டும். அந்த எண்ணை நம்பி நியூட்ரல் போட்டால் இறக்கம் முழுக்க வண்டியைப் பிடிப்பது பிரேக் மட்டும்தான். லைனிங் சூடாகும், ஃப்ளூயிட் கொதிக்கும், பெடல் பஞ்சாகிவிடும். முன்னால் போகும் லாரிக்கும் அதே நிலைமைதான். மூன்றாம் கியர், தேவைப்பட்டால் இரண்டு. நியூட்ரல் கூடாது. நீ நியூட்ரல் போடுகிறாயா என்று கேட்கத்தான் போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை.

கோபமில்லை. பெட்ரோலை மிச்சம் பிடிக்க நினைப்பது நல்ல புத்திதான். நம் வீட்டில் எதையும் பிரித்துப் பார்த்துக் கற்றவன் நீ ஒருத்தன், அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. கற்றதை அளந்து பார் என்றுதான் சொல்கிறேன்.

அளப்பது இப்படி. ஒரே பங்க், ஒரே பம்ப். நாசில் முதல் முறை தானாக நிற்கும் வரை நிரப்பு, அதற்கு மேல் சொட்டு விடச் சொல்லாதே. ட்ரிப் மீட்டரை ஜீரோ செய். டேங்க் முக்கால்வாசி காலியான பின் அதே பம்பில் அதேபோல நிரப்பு. ஓடிய கிலோமீட்டரைப் பில்லில் உள்ள லிட்டரால் வகு. 412 கிலோமீட்டருக்கு 25.6 லிட்டர் என்றால் 16.1. ஒரு டேங்கை நம்பாதே. இந்தக் கோனோடு மூன்று டேங்க், பிறகு பழைய பாக்ஸ் மாட்டி மூன்று, முடிந்தால் மறுபடி கோனோடு ஒன்று. ஏசி, டயர் காற்று, போகும் சாலை, வேகம் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். பாக்ஸ் மாற்றிய அன்றைக்கே ட்ரிம் எண்ணைப் படிக்காதே, இருநூறு கிலோமீட்டராவது ஓடட்டும், ஈசியூ மெதுவாகத்தான் கற்றுக்கொள்ளும்.

பழைய பாக்ஸை அந்தக் கடைக்காரனிடம் விட்டுவிட்டு வந்தாயா, ரூமில் இருக்கிறதா? இருந்தால் மூடியின் கிளிப் நான்கும் உடையாமல் இருக்கிறதா, ஓரத்து ரப்பர் சீல் உருவிப் போயிருக்கிறதா என்று பார்த்து எனக்குப் படம் அனுப்பு. இல்லையென்றால் சொல், இங்கே காந்திபுரத்தில் விசாரிக்கிறேன். புது பேப்பர் ஃபில்டர் வாங்கி வைத்துவிட்டேன், வரும்போது மாட்டிக்கொள்ளலாம். கிருஷ்ணகிரி டோல் தாண்டியதும் ஒரு மிஸ்டு கால், சேலம் வந்ததும் ஒரு மிஸ்டு கால். பேச வேண்டாம், மணி அடித்தால் போதும். சனிக்கிழமை விடிந்து கிளம்பு.

அம்மா