நாளுக்கு ஐந்து வரி எழுதினால் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பள்ளி திறந்ததும் '100 நாள் எழுத்துச் சவால்', 'வருடம் முழுக்க நாட்குறிப்பு' என்று ஆர்வமாக அறிவிக்கிறார்கள். பெரியவர்களும் புத்தாண்டன்று புது நோட்டு வாங்கி இதே சபதம் எடுக்கிறார்கள். மூன்றாவது வாரத்தில் அந்த நோட்டைத் திறந்து பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. ஞாயிறு ராத்திரி உட்கார்ந்து ஐந்து நாளையும் ஒரே மூச்சில் நிரப்பியிருப்பார்கள். இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. சவாலை வகுத்த விதத்தில்தான் கோளாறு. மலேசியாவில் எழுத்துப் பயிற்சி நடத்துகிறவர்கள் என்ற முறையில், எங்கே பிசகுகிறது, எப்படிச் சரிசெய்யலாம் என்பதை உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதல் பிசகு அளவு. அமெரிக்காவில் 1999இல் தொடங்கி, பிறகு நவம்பர்தோறும் நடந்த நாவல் சவாலில் ஒரே மாதத்தில் 50,000 சொல் எழுத வேண்டியிருந்தது, அதாவது நாளுக்கு 1,667 சொல். அதைப் பார்த்து நம்மவர்களும் நாளுக்கு ஆயிரம் சொல் என்று வைத்துக்கொள்கிறார்கள். தமிழுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. 'போகவேண்டியிருந்தது' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாகப் பிரிந்துவிடும். இருபது வரி நோட்டில் வரிக்கு ஐந்து சொல் விழுந்தால் பக்கத்துக்கு நூறு சொல். ஆயிரம் என்றால் பத்துப் பக்கம். செம்பனை எண்ணெய் ஆலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர் அதை எத்தனை நாள் எழுதுவார்? ஆகவே சொல்லை எண்ணாமல் வரியை எண்ணுங்கள். முதல் 30 நாளுக்கு ஐந்து வரி, 90ஆம் நாள் வரை பத்து வரி, அதன் பிறகு ஒரு பக்கம். காய்ச்சல் கண்ட நாளில் ஒரே வரி எழுதினாலும் அது கணக்கில் சேரும்.

மேல் வரம்பும் வேண்டும். இதைத்தான் பலர் ஏற்க மறுக்கிறார்கள். முதல் மாதத்தில் எவ்வளவு ஊற்றெடுத்தாலும் ஒரு பக்கத்தோடு நிறுத்திவிட வேண்டும். ரப்பர் மரத்தை அளவுக்கு மேல் வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுபோகும் என்பது தோட்டத்தில் வளர்ந்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஒரே இரவில் எட்டுப் பக்கம் எழுதியவர் மறுநாள் ஐந்து வரியைக் கேவலமாக நினைப்பார், அதற்கு அடுத்த நாள் நோட்டைத் தொடமாட்டார். எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியத்தைப் பாதியில் விட்டு எழுந்திருங்கள். நாளைக்கு எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்காது.

இரண்டாவது, தவறிய நாளை என்ன செய்வது? சவால்கள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 40 நாள் விடாமல் எழுதியவர் 41ஆம் நாள் தவறவிட்டதும் 'எல்லாம் போச்சு' என்று மூடிவைத்துவிடுகிறார். ஒரு பழக்கம் படிய 21 நாள் போதும் என்று காலங்காலமாகச் சொல்லி வருவதும் இதற்கு ஒரு காரணம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 96 பேரைக் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. பழக்கம் படிய நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியது அந்த வளர்ச்சியைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அதனால் எங்கள் பரிந்துரை இது: இலக்கு 365 வேண்டாம், 300 என்று வையுங்கள். மீதி 65 நாளில் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்றால் 52 போகும். தீபாவளி, தைப்பூசம், வெளியூர்க் கல்யாணம், உடல் நலமில்லாத நாள் என்று இன்னும் 13 கையில் இருக்கும். நிபந்தனை இரண்டுதான். அடுத்தடுத்து இரண்டு நாள் தவறக்கூடாது. தவறிய நாளைப் பின்னால் நிரப்பக்கூடாது. தேதியை மட்டும் போட்டு அந்தப் பக்கத்தை வெறுமையாக விடுங்கள். 120 பக்க நோட்டு மூன்று வாங்கினால் 360 பக்கம்தான் வரும், கடைசி ஐந்து நாளுக்கு இடமிருக்காது. நான்காவதையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'தினமும் இரவு ஒன்பது மணி' என்ற விதி ஷிப்டு வேலைக்காரர்களுக்கு ஓடாது. மணியோடு கட்டாமல் ஒரு செயலோடு கட்டுங்கள். குளித்துவிட்டு தேநீர் ஆற்றியதும் எழுதுவது, சாமி விளக்கு ஏற்றியதும் எழுதுவது என்று வைத்துக்கொண்டால் ஷிப்டு மாறினாலும் பழக்கம் மாறாது. நோட்டும் பேனாவும் அந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். அலமாரியில் பூட்டி வைத்த நோட்டு தானாக வெளியே வராது. வெளியே போகும்போது பலசரக்குக் கடையில் கடன் கணக்கு எழுதும் 555 நோட்டு ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும்.

கைப்பேசியில் எழுதுகிறவர்களைத் தடுக்கவில்லை. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலி இருக்கும்போது தமிழில் தட்டுவது எளிது. ஆனால் அது எடுத்துக் கொடுக்கும் அடுத்த சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டே போனால் எல்லோருடைய வாக்கியமும் ஒரே மாதிரி ஆகிவிடும். அந்த வசதியை அணைத்து வையுங்கள். அன்றன்று எழுதியதை அன்றே புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடவும் வேண்டாம். நாலு பேர் கட்டைவிரலைக் காட்டாத நாளில் எழுத்து நின்றுபோகும்.

'எழுத ஒன்றுமில்லை' என்பது 15ஆம் நாளுக்குப் பிறகு எல்லோரும் சொல்வது. பெரிய தலைப்பைத் தேடுவதால் வரும் வறட்சி இது. 'இன்று மழை பெய்தது. மகிழ்ச்சியாக இருந்தது' என்று எழுதினால் இரண்டு வரியில் கதை முடிந்தது. 'நாலரைக்கு மழை. கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடிய பாட்டி ஒற்றைச் செருப்போடு திரும்பினார்' என்று எழுதிப் பாருங்கள், மூன்றாவது வரி தானே வரும். நேரம், பொருள், ஆள், பேச்சு ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு அன்றைய பக்கத்தில் இருக்கட்டும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள் என்றால், கப்பல் வந்தது, சரக்கு விற்றது, யார் யாரிடம் என்ன சொன்னார் என்று அவர் விவரமாக எழுதி வைத்ததால்தான்.

நமக்கென்று ஒரு புதையலும் இருக்கிறது. பிரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு), லயம் (வரிசை வீடு), மங்கு (பால் ஏந்தும் கிண்ணம்), காண்டா (பால் வாளி சுமக்கும் தடி), கிராணி (தோட்ட எழுத்தர்), ஆயாக்கொட்டகை (குழந்தைகள் காப்பகம்)... இந்தத் தோட்டச் சொற்களை வாயில் வைத்திருக்கும் தலைமுறை நம் கண்ணெதிரே குறைந்துகொண்டிருக்கிறது. வீட்டுப் பெரியவரிடம் நாளுக்கு ஒரு சொல் கேட்டு, அது எதைக் குறித்தது, யார் கையில் இருந்தது, எத்தனை மணிக்கு அதன் சத்தம் கேட்டது என்று ஐந்து வரி எழுதினால் ஒரு வருடத்துக்குத் தலைப்புப் பஞ்சம் வராது. தோட்டம் துண்டாடப்பட்டு ஜனங்கள் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிபோன பிறகு அவற்றை வேறு யாரும் எழுதப் போவதில்லை.

எழுதும்போது திருத்தாதீர்கள். ஒற்று மிகுமா மிகாதா என்ற சந்தேகத்தில் பேனா நின்றால் ஐந்து வரிக்கு அரை மணி ஆகும். ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்தைப் படித்து, பிடித்த ஒரே ஒரு வாக்கியத்தின் கீழ் கோடு போடுங்கள். மாதம் முடிந்ததும் கோடு போட்டவற்றில் ஒன்றை எடுத்து வேறு தாளில் விரித்து எழுதி, பிழை பார்த்து, பத்திரிகைக்கு அனுப்பலாம். ஆசிரியர்களும் பெற்றோரும் நோட்டில் சிவப்பு மை போடாமல் தேதியை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டால் போதும்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு கோரிக்கை. 1950இல் 'தமிழ் நேசன்' நாளிதழ் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் என்ற எழுத்தாளர்கள் இருவரைக் கொண்டு கதை வகுப்பு நடத்தியது. அதே காலகட்டத்தில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' நாளிதழ் மாணவர்கள் எழுதும் மாணவர் மணிமன்றத்துக்கு இடம் கொடுத்தது. இந்நாட்டில் எழுத்தாளர்களை வளர்த்தவை நாளிதழ்களே. உங்கள் ஞாயிறு பதிப்பில் கைப்பிடி அளவு கட்டம் ஒன்று ஒதுக்கி, வரும் வாரத்துக்கு ஏழு சிறு தலைப்புகளை ஆண்டு முழுவதும் வெளியிடுங்கள். அதிகப் பக்கம் எழுதியவருக்குப் பரிசு என்று மட்டும் அறிவிக்க வேண்டாம், ஞாயிறு ராத்திரிப் பேனா மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிடும். மாதக் கடைசியில் வாசகர்கள் அனுப்பும் பக்கங்களில் ஒன்றைப் பெயரோடும் ஊரோடும் அச்சிடுங்கள். முதல் மூன்று மாதத்துக்கான தலைப்புகளைத் தொகுத்து அனுப்ப நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
எழுத்துப் பயிற்சி நடத்தும் வாசகர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.