முத்திரை குத்திய பக்கத்தைக் கழற்றிவிடாதீர்கள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகருக்கும் நூலகத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும்,

வணக்கம். நான் உங்கள் பழைய மாணவன். முதலாம் வருடத்தில் ஒருநாள் பழைய சரித்திரப் புத்தகம் ஒன்றை எடுத்து விரித்தேன். உட்பக்கத்தில் இரண்டு முத்திரைகள். மேலே மங்கிப்போன பரமேஸ்வராக் கல்லூரி முத்திரை, கீழே யாழ்ப்பாண வளாகம். எடுத்த வேலையை மறந்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 1921இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் தொடங்கிய கல்லூரி 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமான கதை முழுக்க அந்தத் தாளில் கிடந்தது.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. அப்பாவின் பழைய புத்தகம் ஒன்றைக் கட்டக் கொடுத்திருந்தேன். அட்டை நன்றாகத்தான் வந்தது. ஆனால் அவர் கையெழுத்தும் வாங்கிய திகதியும் இருந்த முன்தாளைக் காணவில்லை. கிழிந்த தாள்தானே என்று எறிந்துவிட்டார்களாம். அன்றிரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிந்ததைப் பேசும்போது 97,000 புத்தகங்கள் என்ற எண்ணை எல்லோரும் சொல்கிறோம். அந்த நூலகம் 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்தது. அப்புறம் எத்தனையோ வீடுகளின் புத்தகங்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. எந்தப் புத்தகம் யார் வீட்டு அலுமாரியிலிருந்து வந்தது என்று இன்று கேட்டால் நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? எண் மிஞ்சியது, கொடுத்தவர்களின் பெயர்கள் மிஞ்சவில்லை.

உங்களிடம் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. பழைய புத்தகத்தைத் திரும்பக் கட்டக் கொடுக்குமுன் முத்திரை, கையெழுத்து, அன்பளிப்புக் குறிப்பு உள்ள பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். 'இன்ன கல்லூரி முத்திரை, இன்னார் அன்பளிப்பு' என்று நூற்பட்டியலில் ஒரு வரி சேருங்கள். புத்தகம் பாவனைக்கு உதவாது என்று ஒதுக்கினாலும் அந்தப் பக்கத்தின் படம் இருக்கட்டும். முக்கியமாக, கையால் எழுதிய பழைய புத்தகச் சேர்க்கைப் பதிவேடுகளை மின்வருடி வையுங்கள். கணினிக்கு மாறிய பிறகு அவற்றை யாரும் திறப்பதில்லை, சரி, ஆனால் எந்த நாளில் எந்தப் புத்தகம் யாரிடமிருந்து வந்தது என்று வரிசையாகச் சொல்லக்கூடியவை அவைதான். கறையானும் ஈரமும் நாள் பார்த்து வருவதில்லை.

ஆள் போதாது என்றால் சொல்லுங்கள். சனிக்கிழமைகளில் நான் வருவேன், என்னோடு படித்த இன்னும் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
கலைப்பீடப் பழைய மாணவன் ஒருவன்