சரணத்தை விட்டுவையுங்கள்

ஆசிரியருக்கு,

பழைய பாட்டை ரீமிக்ஸ் செய்யவே கூடாது என்று சண்டைக்கு நிற்பவன் அல்ல நான். 1964-இல் 'படகோட்டி'யில் வந்த 'தொட்டால் பூ மலரும்' பாட்டில் விஸ்வநாதன் - ராமமூர்த்தி கைத்தட்டலையே தாளமாக வைத்தார்கள். 2004-இல் 'நியூ' படத்துக்கு ஏ.ஆர்.ரஹ்மான் வாலியின் வரிகளை எடுத்துக்கொண்டு, மெட்டைப் புதிதாகப் போட்டார். இரண்டும் என் செல்போனில் இருக்கின்றன.

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் கேட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. டி.எம்.எஸ். குரல் பல்லவியோடு அறுந்துபோக, அதன் மேல் டமடமவென்று டிரம்ஸ். சரணம் வரவே இல்லை. பக்கத்து இலைப் பையன் "இது யார் பாட்டு?" என்றான். ரீமிக்ஸ் போடுகிறவர்கள் பழைய இசையமைப்பாளர், கவிஞர் பெயரையாவது போடலாமே. அப்புறம், அந்தச் சரணம்!

- வாசகர், மன்னார்குடி